ஐந்து பிள்ளைகள் போதும்

இன்று பி.எட்., எம்.எட். பட்டம் பெறும் அன்புச் செல்வங்களே, முதலில் உங்களைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டுச் சுமையைத் தாங்கிய பெற்றோருக்கும், கணவன்மாருக்கும், மாமியார்மாருக்கும் என் வாழ்த்து.

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய கவலை இந்த அரங்கிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பணியில் இருப்பவர்களும் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபின், ஆசிரியர் ஓய்வறைகளில் வேறு பேச்சே இல்லை. படியுங்கள், தேறுங்கள். எம்.எட். படித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்த காலமும் உண்டு. 2020இல் அரசு அதை நிறுத்தியது. அதற்காகப் படித்தவர்களை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். மேற்படிப்புக்கு உரிய மதிப்பு சம்பளத்திலும் தெரியத்தான் வேண்டும்.

ஆனால் நான் இன்று பேச வந்தது உங்கள் ஆய்வேட்டைப் பற்றி. எம்.எட். ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். முந்நூறு மாணவர்களிடம் வினாத்தாள், மனப்பான்மை அளவுகோல், நான்கு அட்டவணை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு. பைண்டிங் ஆனதும் நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது. புள்ளியியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முந்நூறு பேரில் ஒரு பிள்ளையின் முகமாவது எழுதியவருக்கு நினைவிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். அப்பா ஒடிசாவிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர். கழித்தல் கணக்கு எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி. 52இலிருந்து 27 போனால் 35. 64இலிருந்து 38 போனால் 34. சற்று உற்றுப் பார்த்தால் புரியும்: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான், மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்ப்பதில்லை. எல்லாக் கணக்கிலும் செய்தது அந்த ஒரே தவறுதான், அதுவும் ஒழுங்காக. ‘கடன் வாங்குதல்’ என்று டீச்சர் தமிழில் சொன்னது அவனுக்கு எட்டவேயில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்து இருபத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று காசை வைத்துக் கேட்டபோது, இருபத்து மூன்றை எண்ணி என் கையில் வைத்தான்.

இதைப் போன்ற ஒன்றை பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் மூன்று ஆய்வாளர்கள் பார்த்து, 1985இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகள் வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் தேறியது. கணிதக் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் அந்த ஆய்வில் பங்கெடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே பேர்.

அத்தகைய ஆய்வுக்கு உங்களைச் சுற்றி இருக்கும் களத்தைப் பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் உருமாறிக்கொண்டே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. படப்பையிலும் ஒரகடத்திலும் வாடகை வீடுகளில் இந்தி, ஒடியா, வங்காளம் கேட்கிறது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் சத்தம் போடக்கூடாது. பிள்ளை வாய்விட்டுப் படிப்பது எப்போது? கான்ட்ராக்ட் முடிந்து குடும்பம் நடுவாண்டில் கிளம்பினால், பாதி கற்ற தமிழ் எழுத்து என்ன ஆகும்? பிளஸ் டூ பையன் வேலைக்குப் போன அண்ணனின் பைக்கைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுகிறான். அவனிடம் கல்லூரியைப் பற்றி எப்படிப் பேசுவது? இவற்றுக்கு விடை எந்தப் பாடநூலிலும் தயாராக இல்லை. தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற நீங்கள்தான் எழுத வேண்டும்.

அப்படி விடை தேடிய ஒருவர், இதே காஞ்சிபுரம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்து, 1956இல் பள்ளிகளில் மதிய உணவு பரவக் காரணமானவர்களில் முதன்மையானவர். பாடம் ஏறாததற்குப் பசியும் காரணம் என்று கண்டு அதற்கு ஏற்பாடு செய்ததை, நான் கல்வியியலின் உச்சமாகவே கருதுகிறேன். பிள்ளை ஏன் கற்கவில்லை என்ற கேள்விக்குப் பிள்ளையிடமே போய் விடை தேடிய நிர்வாகம் அது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் உங்கள் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை, அவர்கள் செய்த தவறுகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டு, பிள்ளை சொன்ன சொல்லிலேயே பதிலையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். மொழி தெரியாவிட்டால், தெரிந்த அக்காவையோ அண்ணனையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். பருவ முடிவில் அதை நான்கு பக்கத் தமிழ்க் கட்டுரையாக்கி, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ‘என் வகுப்பிலும் இதே தவறுதான்’ என்று சொன்னால், இருவருமாக உட்கார்ந்து அடுத்த வாரப் பாடக்குறிப்பை மாற்றி எழுதுங்கள்.