டின் நம்பர்: பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்

(சுயதொழில் செய்வோருக்கான தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கொழுந்துச் சம்பளத்தில் மட்டும் நமது குடும்பங்கள் ஓடுவதில்லை. தையல், மரக்கறி, பால்மாடு, சில்லறைக் கடை, ஆட்டோ என்று பலரும் கைத்தொழில் பார்க்கிறார்கள். அவர்களிடம் "டின் நம்பர் எடுத்தாச்சா?" என்று கேட்டால், "ஐயோ, வரி பிடிச்சிருவாங்க, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

டின் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் 9 இலக்க எண். 18 வயது நிறைந்தவர்கள் 2024 ஜனவரி முதல் இதற்குப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. நம்பர் எடுத்துவிட்டோம் என்பதற்காக வரி வராது. வருமானத்தைப் பார்த்துத்தான் வரி. 2025 ஏப்ரலில் இருந்து ஒருவருக்கு வருஷத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 90,000 ரூபாவுக்கு விற்கும் கடையில், சாமானுக்கும் ஏற்றுக்கூலிக்கும் 70,000 போனால் மிச்சம் 20,000. வருஷத்துக்கு 240,000. அதோடு தோட்டச் சம்பளத்தைக் கூட்டினாலும் 18 இலட்சம் எங்கே, நாம் எங்கே? ஆனால் இதைக் காட்ட ஒரு கொப்பியில் தினமும் வரவு செலவு எழுதி வையுங்கள்.

நம்பர் இல்லாவிட்டால்தான் நட்டம். சேமலாபப் பணத்தை வங்கியில் போட்டிருப்பவர்களே, கவனியுங்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் நூற்றுக்கு 10 பிடிக்கிறார்கள். 24,000 ரூபா வட்டியில் 2,400 போய்விடும். வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் இல்லை என்று டின் நம்பரோடு வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் அதைப் பிடிக்காமல் விடலாம்.

எடுப்பது எப்படி? முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். கடை இருக்கும் இடம் தோட்டத்துக்குரியது என்றால் நிர்வாகத்திடம் சம்மதக் கடிதமும் கேட்டு வையுங்கள். பிறகு அடையாள அட்டைப் பிரதி, வியாபாரப் பதிவுப் பிரதி இரண்டையும் வைத்து இறைவரிக் காரியாலயத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். தனி ஆள் வியாபாரத்துக்கு உரிமையாளரின் நம்பரே போதும். பங்கு வியாபாரத்துக்குத் தனி நம்பர் வேண்டும். இதற்குக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. காசு கேட்கும் புரோக்கரிடம் ஏமாறாதீங்க. சந்தேகம் இருந்தால் 1944க்குப் போன் பண்ணுங்க.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருப்பது நம் ஆட்களிடம் சாதாரணம். அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். மற்றது, முகவரி. தோட்டம், டிவிசன், லய இலக்கம் எல்லாம் விளக்கமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதம் தோட்டக் காரியாலயத்திலேயே கிடக்கும்.

கடிதம் வந்தால் கூரையில் செருகி வைக்காதீங்க. வருமான வரிக் கணக்கும் திறந்திருந்தால், கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லாவிட்டாலும் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் தண்டம் வரும்.

படிவம் நிரப்பத் தெரியாதே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாங்க. கூட இருந்து நிரப்பித் தருகிறோம்.