பக்தியும் பாசமும்: கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு ஒரு சிந்தனை



அறத்தைப் பாட வந்த வள்ளுவர் இல்லறவியலையும் துறவறவியலையும் ஒரே பாலில் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் அறமே என்பது அவர் கண்ட நெறி. ஆயினும் இவ்விரண்டும் ஒரே வீட்டிற்குள் எதிர்ப்படும்போது எதற்கு முதலிடம் என்னும் வினா எல்லாச் சமயங்களிலும் எழுந்துள்ளது. கிறித்தவக் குடும்பங்களில் இவ்வினா டிசம்பர் 25ஆம் நாளை ஒட்டிச் சற்று உரத்த குரலிலேயே எழுவதுண்டு. இறைவனிடம் முழு மனத்தையும் ஒப்படைத்தவன் பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும் வைக்கும் பாசம் அந்த ஒப்படைப்பிற்குக் குறையா? தன் நம்பிக்கையை ஏற்காத உறவினரோடு அவன் ஒரே பந்தியில் அமரலாமா? கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடுவது பக்தியா, பக்திக்கு இழுக்கா? விவிலியமும் வரலாறும் இலக்கியமும் இவ்வினாக்களுக்குத் தரும் விடைகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கடுஞ்சொல்லின் பொருள்

பக்திக்கும் பாசத்திற்கும் பகை உண்டு என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை. பெற்றோரையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் சீடனாதல் இயலாது என்னும் கருத்து அங்கே வருகிறது. தாய் தந்தையரை மதிக்கக் கட்டளையிட்ட அதே வேதம் இவ்வாறு கூறலாமா என்று படிப்போர் திகைப்பர்.

சொற்பொருள் ஆராயும் பழக்கமுடைய இந்த அவைக்கு விடை அரிதன்று. எபிரேய வழக்கில் வெறுத்தல் என்னும் சொல் குறைவாக நேசித்தலையும் குறிக்கும். ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் யாக்கோபு லேயாளைவிட ராகேலை மிகுதியாக நேசித்தான் என்று ஒரு வசனம் சொல்கிறது. அடுத்த வசனமே லேயாளை வெறுக்கப்பட்டவள் என்கிறது. லூக்கா கூறிய அதே போதனையை மத்தேயு தம் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் தரும்போது, பெற்றோரை இயேசுவைவிட மிகுதியாக நேசிப்பதைப் பற்றியே பேசுகிறார். ஆகவே இங்கே கேட்கப்படுவது வரிசை. இறைவன் முதலில், உறவு அடுத்து. இரண்டாம் இடம் என்பது இடமே இல்லை என்று ஆகாது.

மாற்கு 7ஆம் அதிகாரம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. பெற்றோருக்கு உதவவேண்டிய பொருளை இறைவனுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டோம் என்று கூறிக் கைவிடுவோரின் வழக்கம் ‘கொர்பான்’ எனப்பட்டது. அதனை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். இறைவன் பெயரைச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவுவது பக்தி ஆகாது என்பது அவர் தீர்ப்பு. சிலுவையில் உயிர் பிரியும் நேரத்திலும் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்ததை யோவான் 19ஆம் அதிகாரத்தில் பதிவு செய்கிறார். மாற்கு 3ஆம் அதிகாரத்தில் வீட்டிற்கு வெளியே நின்று அழைத்தனுப்பிய தாயும் சகோதரரும், திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் மேல்மாடியில் சீடரோடு சேர்ந்து வேண்டுதல் செய்கின்றனர். வெளியே நின்ற குடும்பம் உள்ளே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கதவு அடைக்கப்படவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தந்தையைத் துறந்தவர் அமைத்த குடில்

உறவைத் துறந்த அடியார்களுள் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் புகழ் மிக்கவர். துணி வணிகராகிய தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே, மகன் பொருளை வாரி வழங்குவது கண்டு வெகுண்டு, 1206ஆம் ஆண்டளவில் அசிசி ஆயரிடம் முறையிட்டார். மகன் ஊரார் முன்னிலையில் தம் ஆடைகளைக் களைந்து தந்தையிடமே திருப்பித் தந்து, விண்ணகத் தந்தை ஒருவரே இனித் தமக்குத் தந்தை என்று அறிவித்தார். உறவு முறிவுக்கு இதனினும் வெளிப்படையான காட்சி சமய வரலாற்றில் அரிது.

அதே பிரான்சிஸ்தான் 1223ஆம் ஆண்டு கிரெச்சோ என்னும் சிற்றூரில், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் உயிருள்ள எருதும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பு இரவை ஊர் மக்கள் கண்முன் நிறுத்தினார். இன்று வீடுதோறும் அமைக்கப்படும் குடிலுக்கு அந்த இரவு பெருந்தூண்டுதலாயிற்று. தன் வீட்டை விட்டவர் மற்றவர் வீடுகளில் நிலைக்கும் விழாவிற்கு வடிவம் தந்தார். அவர் துறந்தது தந்தையின் செல்வத்தையும், அச்செல்வம் அவர்மீது கொண்ட உரிமையையும். எளிய மாந்தர் குழந்தையைச் சுற்றிக் கூடும் அன்பை அவர் துறக்கவில்லை.

விழாவைத் தடுத்த பக்தி

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. பியூரிட்டன் எனப்பட்ட தூய்மைவாதியர், கிறிஸ்து பிறந்த நாளை வேதம் எங்கும் குறிக்கவில்லை என்றும், விழாக் கொண்டாடுமாறு கட்டளை ஏதும் இல்லை என்றும் வாதிட்டனர். வாதத்தின் அடிப்படை உண்மையே. டிசம்பர் 25 என்னும் நாள் நற்செய்திகளில் இல்லை. அது 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாட்காட்டித் தொகுப்பில் காணப்படுகிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஆம் நாளிலேயே கிறிஸ்து பிறப்பை நினைவுகூர்கிறது.

ஆனால் அவர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. 1647ஆம் ஆண்டு பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட விழாக்களைச் சட்டத்தால் நீக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று காண்டர்பரி நகரில் கடைகளைத் திறந்துவைக்குமாறு பணித்தபோது மக்கள் கொதித்தெழுந்து கலகம் விளைத்தனர். கடல் கடந்து சென்ற தூய்மைவாதியர் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659ஆம் ஆண்டு விழாக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681 வரை நீடித்தது. வேதம் கட்டளையிடாத நாளை ஒருவன் கொண்டாடாதிருக்கலாம். அயலான் வீட்டு விருந்தை அதிகாரத்தால் தடுப்பதற்கும் வேதம் கட்டளையிடவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர்.

பன்யனின் இரு பயணங்கள்

அத்தூய்மைவாத மரபில் தோன்றியவரே ஜான் பன்யன். 1678ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் கதையின் தலைவன் அழிவுக்குரிய ஊரை விட்டு ஓடுகிறான். மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு கதறுகின்றனர். அவனோ காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு நில்லாமல் ஓடுகிறான். பக்தி பாசத்தைக் கொன்றதற்கு இலக்கியச் சான்றாக இக்காட்சியைக் காட்டுவோர் உண்டு.

பன்யனின் வாழ்வு வேறொன்று சொல்கிறது. அனுமதியின்றிப் போதித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் அவர் வாடினார். இனிப் போதிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் வாக்களிக்கவில்லை. ஆனால் சிறையிலிருந்தபடியே காலணிக் கயிறுகள் செய்து விற்று மனைவி மக்களைக் காத்தார். பார்வையற்ற மூத்த மகளை எண்ணி அவர் உருகிய உருக்கம் அவர் தன்வரலாற்றில் பதிவாகியுள்ளது. முதலிடத்தை இறைவனுக்குத் தந்தவர் இரண்டாமிடத்தை வெறுமையாக விடவில்லை.

கதையிலும் அந்தக் குறையை அவர் அறிந்தே இருந்தார். வழியில் ஒரு மாளிகையில் அன்பு என்னும் மங்கை, குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கையில் பயணி அழுகிறான். 1684ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மனைவியும் நான்கு மைந்தரும் அதே வழியில் புறப்படுகின்றனர். முதற் பயணம் தனியன் ஒருவனின் ஓட்டம். இரண்டாவது குடும்பம் ஒன்றின் நடை. அதில் சிறுவர்க்காக வேகம் குறைகிறது, விடுதியில் விருந்து நடக்கிறது, திருமணங்கள் நிகழ்கின்றன. இரண்டாம் பாகத்தைப் படியாதவர் பன்யனைப் பாதியே படித்தவர் ஆவர்.

பாயசம் அறியாத பிள்ளை

எட்மண்ட் காஸ் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்னும் தன்வரலாறு இப்பொருளில் மறக்கவொண்ணாத சான்று. அவர் தந்தை பிலிப் ஹென்றி காஸ் பெயர்பெற்ற உயிரியல் அறிஞர், தீவிர பக்தர், கிறிஸ்துமஸ் விழாவை உருவ வழிபாட்டின் எச்சமாகக் கருதி வெறுத்தவர். 1857ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று உணவில் எவ்வகை மாறுதலும் கூடாதென்று வீட்டில் கட்டளையிட்டிருந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அவ்வீட்டுத் தாய் இறந்திருந்தார். தாயில்லாப் பிள்ளைக்கு எட்டு வயது. பணிப்பெண்கள் தமக்கெனச் செய்துகொண்ட பிளம் புட்டிங் என்னும் இனிப்பில் ஒரு துண்டைப் பரிவோடு அவனுக்குக் கொடுத்தனர். உண்ட பின் உள்ளம் உறுத்த, விக்கிரகத்திற்குப் படைத்ததை உண்டுவிட்டதாகத் தந்தையிடம் அவன் அழுதான். தந்தை எஞ்சியதைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குப்பைமேட்டில் எறிந்து சாம்பலோடு கிளறிவிட்டார்.

அத்தந்தை கொடியவர் அல்லர். மகன்மீது உயிரையே வைத்திருந்தவர் என்பதை அந்நூல் மறைக்கவில்லை. அதுவே அந்நிகழ்ச்சியின் துயரம். பிள்ளையை வாட்டிய அச்சம் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலிலிருந்து வந்தது. ஆனால் அம்மடலின் 10ஆம் அதிகாரமே, நம்பிக்கையற்றவர் விருந்துக்கு அழைத்தால் சென்று, முன் வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்கிறது. இது படையல் என்று ஒருவர் சுட்டிச் சொன்னால், அவர் மனச்சான்றின் பொருட்டுத் தவிர்க்குமாறும் கூறுகிறது. அங்கும் அளவுகோல் எதிரில் இருப்பவரின் நலமே. அதே மடலின் 7ஆம் அதிகாரம், நம்பிக்கை கொள்ளாத துணை உடன்வாழ இசைந்தால் பிரியவேண்டா என்கிறது. நாட்களைப் பற்றியும் பவுலடியார் வாளாவிருக்கவில்லை. ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுவதும் மற்றொருவர் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுவதும் அவரவர் உறுதிப்பாடு. இதற்காக ஒருவரை ஒருவர் தீர்ப்பிடல் ஆகாது என்பது உரோமையர் மடல் 14ஆம் அதிகாரத்தின் சாரம்.

தமிழ் கண்ட வழி

தமிழில் இவ்வினாவை எதிர்கொண்டோர் இருவரைக் குறிப்பிடல் தகும். இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, நாட்டையும் உறவையும் விட்டுத் தமிழகம் வந்த துறவி வீரமாமுனிவர். 36 படலங்களில் அவர் பாடிய தேம்பாவணியின் தலைவன் துறவி அல்லன். தச்சுத் தொழில் செய்து தாயையும் சேயையும் காத்த வளன் என்னும் சூசையப்பரே அவன். தவஞ்செய்யக் காடு நாடிய இளம் வளனை வானவன் ஒருவன் தடுத்து ஊருக்குத் திருப்பும் நிகழ்ச்சியும் அக்காப்பியத்தில் உண்டு. வீட்டைத் துறந்தவர் வீட்டைக் காத்தவனைக் காப்பியத் தலைவன் ஆக்கினார்.

வைணவக் குடும்பத்தில் 1827ஆம் ஆண்டு பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858ஆம் ஆண்டு கிறித்தவரானார். பிறந்த குடியின் சமயத்தை விடுவது எத்தகைய பிளவு என்பதை அக்காலத்தை அறிந்தோர் அறிவர். பன்யனின் கதையைத் தழுவி 1894ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் கம்பனின் நடையில் நிற்கிறது. கிறித்தவக் கம்பர் என்னும் பெயரும் அவருக்கு வந்தது. வழிபாட்டை மாற்றிக்கொண்டவர் முன்னோர் தந்த தமிழைக் கைவிடவில்லை. உறவு முறிந்த இடத்திலும் உரிமை ஒன்று எஞ்சுகிறது என்பதற்கு அவர் நூல் சான்று.

முடிவாக

பக்திக்கும் பாசத்திற்கும் மோதலே நேராது என்று சொல்வது உண்மையாகாது. நம்பிக்கையையே கைவிடு என்று உறவினர் வற்புறுத்தும்போது மோதல் மெய்யானது.  ஆனால் பெரும்பாலான வீடுகளில் டிசம்பரில் எழும் பூசல் அத்தகையது அன்று. ஒருவர் குடில் வைப்பார். மற்றவர் வேண்டா என்பார். ஒருவர் பூசைக்கு அழைப்பார், மற்றவர் வாரார். இங்கே நினைவில் கொள்ளத்தக்கது ஒன்றே. கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடு என்று கட்டளை இல்லை. தாய் தந்தையரை மதி என்று கட்டளை உண்டு; பிறரை நேசி என்றும் உண்டு. கட்டளையில்லாத ஒரு நாளின்பொருட்டுக் கட்டளையான அன்பை முறிப்போர், கொண்டாடுவோராயினும் மறுப்போராயினும், பக்தியின் வரிசையைத் தலைகீழாக்குகின்றனர்.

ஆகவே விழாக் கொண்டாடாதவர் அண்ணன் வீட்டு விருந்தில் அமர்ந்து உண்ணலாம். விழாக் கொண்டாடுபவர் வாராத தம்பிக்கு உணவை எடுத்து வைக்கலாம். இவ்விரண்டும் நடக்கும் வீட்டில் பக்திக்கு எவ்விதக் குறைவும் இல்லை. மதப் பெருமையைப் பாடும் கவிதைகள் நம்மிடம் நிறைய உள்ளன. அந்த எடுத்து வைத்த உணவைப் பாடும் கவிதைகள் இன்னும் மிகுதியாக வேண்டும்.