தடைகளைத் தாண்டிய புதுக்கோட்டைச் சிறுமி
(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறப்பைச் சொல்லிப் பிறர் நம்மைத் தாழ்த்தும்போது என்ன செய்வது? நம் பிள்ளைகள் பலரின் மனத்தில் இருக்கும் கேள்வி இது. அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இளமைக் காலத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவர் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாளோ, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தவர். ஆகவே மகளுக்கு இரண்டு தடைகள்: பெண்ணாய்ப் பிறந்தது ஒன்று, தாயின் குலம் மற்றொன்று. வயதுக்கு வந்த பெண் வெளியே செல்லலாகாது என்றிருந்த காலம் அது. அவர் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

பின்னர் மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா, அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் மருத்துவராக வெளிவந்தார்.

பட்டம் பெற்றதும் அவர் பழையதை மறந்துவிடவில்லை. 1927-இல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்று, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அந்தக் குலத்துச் சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கியபோது, 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தின் பயனாக, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

இளைஞர்களே, ஏச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் படிக்க நேரம் இராது. அவர் படித்தார், அதுவே பதிலாயிற்று.

பெரியோர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. அந்தச் சிறுமியின் மனவுறுதி பெரிது. ஆயினும் படிக்க வைத்த தந்தையும், அனுமதி தந்த மன்னரும் இல்லையெனில் அவ்வுறுதி வீட்டுக்குள்ளேயே வாடியிருக்கும். நம் பங்கிலும் ஒரு பிள்ளை படிக்க உதவி கேட்டு வரும்போது, “எந்தத் தெருப் பிள்ளை?” என்று கேட்கும் வழக்கம் உண்டா இல்லையா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். இந்த ஜூபிலி ஆண்டிலிருந்து, “எந்த வகுப்புப் படிக்கிறாய், என்ன வேண்டும்?” என்று மட்டும் கேட்போம்.