அடியை யார் எழுதினார்கள்? ஊவாத் தோட்டங்களின் இசைக்காரர்களோடு சில உரையாடல்கள்



இலங்கையின் இசையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். சிங்களத்தில் அமரதேவ வருவார், நந்தா மாலினி வருவார். தமிழ்ப் பக்கம் திரும்பினால் 1970களின் பொப் பாடல்கள் வரும். நித்தி கனகரத்தினமும் ஏ. இ. மனோகரனும் வருவார்கள். வானொலியைப் பேசினால் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத். இவர்களில் எவரையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து இவர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் பதுளை மாவட்டத்தில் மட்டும் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.5 இலட்சம் மலையகத் தமிழர் இருந்தோம். இலங்கை இசையின் வரலாற்றில் நமக்கு வானொலி கேட்டவர்கள் என்ற இடம் மட்டுமே கிடைத்திருக்கிறது. இசையை உண்டாக்கிக்கொண்டே இருந்தவர்கள் நம் பக்கத்துக் காம்பராக்களில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசியதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஏட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியது. நம் பதுளையில் பிறந்த மு. நித்தியானந்தன் தம் ‘கூலித் தமிழ்’ நூலில் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுவது. அந்தக் கும்மியோ துரைமார் பக்கம் நின்று கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சொல்லிக்கொடுக்கிறது. நம்முடைய தாளம், அவர்களுடைய பாடம். அதே 1869இல்தான் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இந்த நாட்டில் முதன்முதலாக நம் ஊவாவின் மடுல்சீமையில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. கும்மி கொட்டிய கைகள் கொழுந்து பறிக்கப் போயின.

தொழிற்சங்கக் காலத்தில் பாட்டு பக்கம் மாறியது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தையும் வெளியிட்டார். மேடையேறிப் பாடுவதைப் பெண்ணுக்கு அடக்கமாக எண்ணாத காலம் அது. இந்த நாட்டின் இசை வரலாற்றில் அவருக்கு ஓர் அத்தியாயமே இருக்கவேண்டும். பிறகு கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டம் தோட்டமாகக் காதுகொடுத்து, மக்கள் பாடியதைத் திரட்டி நூலாக்கினார். அவர் எழுதிவைக்காவிட்டால் இன்று நம் கையில் பாதிப் பாட்டு இருந்திருக்காது.

இந்த நூல்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டுதான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தப்பு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தார். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: “பாட்ட எழுதிக்கிட்டுப் போனாங்க, சரிங்க சார். அடிய யாரு எழுதுனா?”

இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தப்பை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். விடியுமுன் வேலைப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழுப்பியதும், கோயில் சாமியை இறக்கியதும், கல்யாண ஊர்வலத்தை நடத்தியதும், தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் ஒருவர் செத்துப்போன செய்தியைக் கீழ்ப் பிரிவான பணியக் கணக்குக்குச் சொன்னதும் அதுதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. வாத்தியார் எனக்கு அதை உட்கார்ந்து விளக்கவில்லை. முற்றத்தில் காய்ந்த சருகையும் பழைய பத்திரிகைத் தாளையும் கூட்டித் தீ மூட்டினார். தப்பை நெருப்புக்கு மேலே சாய்த்துப் பிடித்து, சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினார். நடுநடுவே விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். எனக்கு அது தயாராகிவிட்டதாகவே பட்டது. அவர் தலையை ஆட்டி, மறுபடியும் தீயில் காட்டினார். “ஐப்பசி மழையில சாவு விழுந்தா ராத்திரி முழுக்க நெருப்பு வேணும். கச்சான் அடிக்கிற ஆடியில பாருங்க, தோலு தானா பேசும்” என்றார். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் வாங்கித் தந்தது அந்தக் கச்சான் காற்றுதான் என்று தேயிலைத் தரகர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே காற்று தப்புத் தோலுக்குச் செய்வதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பிறகு அடித்துக் காட்டினார். இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. சாமி அடியிலிருந்து சாவு அடிக்கு மாறுகிற இடத்தில் நீண்ட குச்சி சட்டென்று நின்றுவிடுகிறது. குட்டைக் குச்சி மட்டும் இடைவெளி விட்டு விழுகிறது. உள்ளேயிருந்த மருமகள் வெளியே ஓடிவந்து, “மாமா, வீட்டு வாசல்ல அத அடிக்காதீங்க” என்றாள். சொல் எதுவும் இல்லாமலே அவளுக்கு அர்த்தம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாசி மாதக் காமன் கூத்தைப் பற்றியும் அவரிடம் நிறையக் கேட்டேன். அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து மதன் எரிகிற இரவு வரைக்கும் தோட்டமே கூத்துக்களம். ரதியாக ஆண்கள் வேடம் கட்டுவார்கள். வீரபத்திரன் வரும்போது அடி மாறும், எமன் வரும்போது மாறும், குறவன் குறத்திக்கு இன்னொன்று. “வேசக்காரன் காலு தப்பினா நான் அடியில புடிச்சுக் கொடுப்பேன். நான் தப்பினா அவன் விழுந்துருவான்” என்றார். கூத்தை ஆராய்ந்த நம் கட்டுரைகள் கதையைச் சொல்கின்றன, சடங்கைச் சொல்கின்றன. கூத்தை நிமிடத்துக்கு நிமிடம் நடத்திச் செல்லும் இந்த மனிதருடைய கைக்கணக்கு அவற்றில் இல்லை.

இதில் சாதியை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தப்பைத் தொட்டவரைத் தள்ளி நிறுத்திய லயங்கள் இருந்தன. வாத்தியாரின் மூத்த மகன் தப்பைத் தூக்க மறுத்துப் பதுளையில் கடைக்கு வேலைக்குப் போனார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவமானத்தைச் சுமந்துகொண்டு கலையைக் காப்பாற்று என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க நமக்கு உரிமை கிடையாது. கலைஞன் என்ற மரியாதையும் சரியான கூலியும் முதலில் வரட்டும். பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களா என்று அதற்குப் பிறகு பேசலாம்.

அடுத்தவர் ஹாலிஎலப் பக்கத்து அம்மாயி ஒருவர். ஒப்பாரியில் பெயர்பெற்றவர். பாடச் சொன்னதும் பதறிவிட்டார். “சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக்கூடாது சாமி.” லயத்தைத் தாண்டி, தேயிலை மலையின் ஓரத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார். அதுவும் செத்தவருக்கான ஒப்பாரி இல்லை. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அந்தக் கணக்கில் இவருடைய அக்காவும் ஒருவர். பதுளை ஸ்டேஷனில் தலைமன்னாருக்குக் கோச்சி ஏற்றியபோது பெண்கள் கட்டிப்பிடித்து மாரடித்துப் பாடினார்கள். அந்த இரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. “உசிரோட போறவளுக்கு ஒப்பாரி வச்சோம் சாமி. பாவந்தான். ஆனா வேற என்னா பாட்டு இருந்துச்சு?” என்றார். சாவுக்கென்று இருந்த ஓர் இசை வடிவத்தை, அரசுகள் செய்த பிரிவுக்கு அந்தப் பெண்கள் ஒரே தலைமுறையில் மாற்றிக்கட்டினார்கள். இதைச் செய்தவர்களை இசையமைப்பாளர்கள் என்றே நான் சொல்வேன். நான் அறிய, அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் பதிவாகவில்லை.

மூன்றாமவர் பண்டாரவளைப் பையன் ஒருவன். அறையில் ஒரு லெப்டொப், ஒரு மைக். ராப் பாடுகிறான், நன்றாகவே பாடுகிறான். அவன் பாட்டில் கேட்ட தப்பொலி சென்னையில் யாரோ செய்து இணையத்தில் விற்ற லூப். மூன்று லயம் தள்ளி அவனுடைய மாமா தப்படிக்கிறார். ஏன் அவரைப் பதிவு செய்யவில்லை என்றேன். “மாமா ஒவ்வொரு தடவையும் மாத்தி அடிப்பாரு சார். லூப்புக்கு ஒக்காராது.” மாமாவின் கைச் சிறப்பே அதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் யோசிக்கிறேன் என்றான்.

இப்படிப் பதிந்துவைப்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1906 முதல் ஹங்கேரியில் இசையமைப்பாளர் பேலா பார்டோக் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து கிராமம் கிராமமாகப் போனார். மெழுகு உருளையில் குரலைப் பிடித்தார், சுரத்தை எழுதினார், பாடியவர் யார், எந்த ஊர் என்றும் குறித்துவைத்தார். இந்த நாட்டிலேயே 1970களில் சி. டி எஸ். குலதிலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நாட்டார் இசை ஆய்வுப் பிரிவில் சிங்கள நாட்டார் இசைக்கு அப்படி உழைத்தார். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மொரீசியஸ் பெண்கள் கல்யாண வீட்டில் பாடும் போஜ்புரிப் பாடல்கள், கீத் கவாய், 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. கப்பலேறியவர்களின் பாட்டுக்கு அங்கே ஒரு நாடே முன்நின்றது. நாம் 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். அந்த நடையில் கால்கள் ஓய்ந்தபோதெல்லாம் தப்புத்தான் எங்களை எழுப்பியது. எழுப்பியவர்களின் பெயர்களை நடை முடிந்த பிறகு ஒரு தாளில் எழுதி வைத்தோமா?

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவு நல்லதுதான். அடுத்த ஆண்டு அந்தப் பணத்தை ஒலிப்பதிவுக்குக் கொடுங்கள். மாசி அமாவாசைக்கு முன்பே நல்ல மைக்கோடு இருவர் போகட்டும். காமன் கம்பம் ஊன்றுகிற நாளிலிருந்து அங்கேயே தங்கட்டும். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக, முழுதாகப் பதியட்டும். அடித்தவர் சம்மதித்தால் பெயர், தோட்டம், யாரிடம் கற்றார் என்பதையும் எழுதட்டும். தோட்டத்தில் அன்றைய நாட்கூலிப் பேர் விழுந்தாலும் விழாவிட்டாலும் அவருக்குக் கூலி கொடுக்கட்டும். ஒப்பாரிப் பெண்களிடம் பெண்களே போகட்டும், லயத்துக்கு வெளியே உட்கார இடம் கேட்கட்டும். கோச்சியில் போனவர்களின் பாட்டு கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறது. பணம் மிஞ்சினால் அங்கேயும் போகலாம். பதிவின் ஒரு பிரதி கொழும்புக்குப் போகட்டும், ஒரு பிரதி அந்தந்தத் தோட்டப் பாடசாலையில் இருக்கட்டும்.

பசறை வாத்தியார் சம்மதம் சொல்லிவிட்டார். நமுனுகுலையிலும் கொஸ்லாந்தையிலும் கூத்து வைக்கிற தோட்டங்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். போக விரும்பும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், யார் எந்தத் தோட்டம் என்று இன்றைக்கே பிரித்துக்கொள்ளலாம்.