சேர்க்கைக்கு முன் மூன்று கேள்விகள்

வெள்ளகோவில் வட்டாரத்தில் விசைத்தறி ஓசைக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்து, அவர்களை எப்படியாவது ஒரு பட்டதாரியாக்கிவிட வேண்டுமென்ற ஆசையோடு கல்லூரி வாயிலில் நிற்கும் பெற்றோருக்குப் பிரயோஜனமான தகவல் ஒன்றை இன்று சொல்கிறேன்.

மத்திய அரசாங்கம் 2016 முதல் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தி வருகிறது. என்.ஐ.ஆர்.எஃப். என்பது அதன் பெயர். அதில் பங்குகொள்ளும் கல்லூரி, தன்னிடம் சேர்ந்தவருள் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், அவர்களுடைய ஊதியத்தின் நடுத்தொகை என்ன என்னும் விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

நடுத்தொகை என்றால் என்ன? வேலை பெற்றவர்களை, அதிக ஊதியம் பெறுபவர் முதலாக வரிசையாக நிறுத்தினால், மத்தியில் நிற்பவரின் சம்பளம். விளம்பரப் பலகையில் காண்பதோ முதலில் நிற்பவரின் சம்பளம். நாம் பார்க்க வேண்டியது மத்தியில் நிற்பவருடையதை.

நூல் வாங்கும் தறிக்காரர் விலைச்சீட்டை மட்டுமா பார்க்கிறார்? தறியில் ஓட்டும்போது இழை அறுகிறதா என்றல்லவா விசாரிக்கிறார்! படிப்புக்கும் அந்த விசாரணை அவசியம்.

ஒன்று கவனியுங்கள். அந்த விவரம் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. வணிகவியலுக்கும் வேதியியலுக்கும், கணினிக்கும் கட்டடப் பொறியியலுக்கும் நிலைமை வேறு வேறாக இருக்கலாம். ஆகவே, பிள்ளை சேரவிருக்கும் துறையின் தலைவரிடமே நேரில் கேளுங்கள்: உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை பேர்? வேலை பெற்றவர் எத்தனை பேர்? நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன? இம்மூன்றையும் கேட்டறிந்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.