பணியிடத்தில் அனேகாந்தம்
(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் உழவை நம்பி வாழ்ந்த சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் பணிபுரிகின்றனர். கண்முன் நிகழும் தவற்றை மேலிடத்தில் எடுத்துரைத்தால் பகை வருகிறது. உரைக்காவிடில் மனம் உறுத்துகிறது. இதற்குச் சமண அறம் காட்டும் வழி யாது?

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் நிகழ்ந்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர், ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. 2022 சனவரியில் ஆலை மீண்டும் இயங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது.

மாற்றம் வந்தது, ஆனால் நோயும் மறியலும் கண்ட பின்னரே வந்தது. உணவுத் தட்டின் முன் அமர்ந்த பெண்ணுக்கும் முடிவெடுக்கும் அதிகாரிக்கும் இடையே விடுதி நடத்துவோர், ஒப்பந்ததாரர், மேலாளர் எனப் படிகள் பல. ஒவ்வொரு படியிலும் உண்மை சிறிது தேய இடமுண்டு.

அதைத் தேய்ப்பவை நான்கு கஷாயங்களே. குரோதம், குறை சொன்னவரைப் பகைவராகக் காட்டும். மானம், பிழையை ஏற்க விடாது. மாயை, பதிவேட்டை அழகுபடுத்தும். லோபம், பதவி உயர்வு கருதி வாயை மூடச் செய்யும். அலுவலக அரசியல் என்று வழங்குவது இந்நான்கின் கூத்தே.

இதற்கு மருந்து அனேகாந்தம். உற்பத்தி அதிகாரி அன்றைய எண்ணிக்கையைக் காண்கிறார். பராமரிப்புப் பொறியாளர் இயந்திரத்தின் தேய்மானத்தைக் காண்கிறார். தொழிலாளி தன் விரலுக்கு வரும் ஆபத்தைக் காண்கிறார். மூவர் காண்பதும் உண்மையின் ஒவ்வொரு கூறு. மாற்றம் வேண்டுவோர் முதலில் மூவரையும் கேட்டறிதல் வேண்டும். பின்பு நாளும் எண்ணும் குறித்தெழுதி, குறைக்கு உரியவரிடமே தனித்துச் சொல்லல் வேண்டும். பலர்முன் நாணச் செய்வது சொல்லால் இழைக்கும் ஹிம்சை. அவர் செவிசாய்க்காவிடில் கூடிச் சென்று உரைப்பதும் அறமே. இரு தரப்பும் ஒருங்கே அமரும் பணிக்குழுவுக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், உணவகக் குழுவில் தொழிலாளர் இடம்பெறுவதற்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அன்றே வழிவகுத்தன.

அனேகாந்தம் என்பது எல்லார்க்கும் தலையசைப்பது அன்று. உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு நேரும் இடத்தில், இரு பக்கமும் நியாயம் உண்டென ஒதுங்கி நிற்பது கொல்லாமைக்கே மாறானது. உண்மை உரைத்தவருக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகலாம். அதைத் தாங்கும் வலிமையைத் தருவதே மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம்.

இல்லத்தாருக்கும் இதில் பங்குண்டு. "உனக்கேன் வம்பு?" என்று பெற்றோர் பிள்ளையைத் தடுப்பின், அவ்விரதம் வீட்டிலேயே தளர்கிறது. கீழ்ப்படியில் உள்ளவரின் சொல்லைக் குறைக்காமலும் கூட்டாமலும் மேற்படிக்குக் கொண்டு செல்லும் ஒருவர் ஒவ்வோர் ஆலையிலும் இருப்பின், அச்சொல் நெடுஞ்சாலைக்கு வர வேண்டிய தேவை எழாது. அந்த ஒருவர் சமண இல்லத்திலிருந்து சென்றவராக இருக்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!