உப்பளத்துப் பறவைகளும் காமிராக் கலையும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்பவர்கள் மரக்காணத்தை அணுகும்போது, பாத்தி பாத்தியாக நீர் தேங்கி நிற்கும் உப்பளங்களையும், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களையும் பார்த்திருப்பார்கள். குளிர்காலத்து விடியற்பொழுதுகளில், நீண்ட லென்ஸ் பொருத்திய காமிராவோடு வரப்போரத்தில் காத்திருக்கும் சிலரையும் இப்போது அங்கே காணலாம். பட்சிகளைப் படம் பிடிக்கும் இந்தக் கலையில் ஒரு படத்தை நல்ல படம் என்று எதைக்கொண்டு மதிப்பது என்பதுதான் இன்றைய என் பேச்சின் விஷயம்.

உப்பளம் உயிரற்ற வெளி என்று தோன்றுவது இயல்பு. கழியின் உவர்நீர் தேக்கம் தேக்கமாக நின்று, வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கும்போது அங்கே பறவைக்கு இரை அரிது என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய தேக்கங்களில், உவர்ப்பு இன்னும் முற்றாத நீரில், நுண்ணிய இறால் வகைகளும் ஈப்புழுக்களும் பெருகுவதால், பவளக்காலி உள்ளானும் உப்புக்கொத்தியும், வட ஆசியாவின் கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வரும் கொசு உள்ளானும், பருவம் வாய்த்தால் பூநாரையும் இரை தேடி அங்கே கூடுகின்றன. பக்கத்திலேயே கழுவேலி இருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்த நீர்வெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

நம் நாட்டில் இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரையில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்ததோடு, வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைத் தாமே இணைத்து ஒரு விநோத யந்திரத்தை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டி, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு ஜீவன்களைப் படம் பிடித்தார். வர்ணமின்மை அந்தப் படங்களுக்கு ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பிராணி எங்கே, எப்படி வாழ்கிறது என்பதற்கு அவை சாட்சியம் சொல்வதால், அழகு தானாகவே உடன் வந்து சேர்கிறது.

அந்தச் சாட்சியத்தைத்தான் இக்கலையின் முதல் லட்சணமாக நான் கருதுகிறேன். இறகின் ஒவ்வொரு நுனியும் தெரியும்படி அருகில் இழுத்து, பின்னணியைப் பச்சைப் புகையாகக் கரைத்துவிட்ட படங்கள் இன்று ஏராளமாக வருகின்றன. அவற்றின் பின்னே உள்ள பிரயாசையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பறவை மரக்காணத்தில் நின்றதா, வேறெங்காவது நின்றதா என்று அவை சொல்வதில்லை. பவளக்காலியின் சிவந்த நெடுங்கால்களோடு, வரப்பின் வெடிப்பும், உப்பு படிந்த நீர் விளிம்பும், தூரத்தில் உப்பு வாரும் பெண்களின் உருவங்களும் சேர்ந்து விழுந்த படமே என் கண்ணுக்கு நிறைவானது.

உப்பளத்து ஒளி தனித்த குணம் உடையது. வெண்மையான உப்பும் நீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பியனுப்புவதால், பிற இடங்களில் நிழலாகக் கறுத்துவிடும் பறக்கும் பறவையின் அடிவயிறு இங்கே துலக்கமாகத் தெரிகிறது. ஆனால் அந்த வெண்மையே காமிராவின் ஒளிமானியை ஏமாற்றி, உப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே அதன் கணக்குக்கு மேல் சற்று ஒளி கூட்டிக்கொடுக்க வேண்டும். கருநீரில் வெண்கொக்கு நின்றாலோ அதற்கு நேர்மாறாக ஒளியைக் குறைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கானல் அலைந்து, எத்தனை விலையுயர்ந்த லென்ஸும் கலங்கிய உருவத்தையே தரும்.

கூடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பறவைப் படக்கலையின் ஆரம்ப வெற்றிகளே கூட்டின் அருகில்தான் கிட்டின. 1892இல் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு கூடிய கூட்டைப் படம் பிடித்ததை இக்கலையின் சரித்திரம் நன்றியோடு நினைக்கிறது. ஆனால் நம் உப்பள வரப்பு வேறு. கோடையில் பவளக்காலியும் உப்புக்கொத்தியும் மறைவே இல்லாத தரையில் முட்டையிட்டு, அடிவயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றன. படம் எடுப்பவர் அருகிலேயே நின்று தாய்ப்பறவையை எழுப்பிவிட்டால், அந்த வெயிலில் முட்டைக்குள் இருக்கும் உயிர் பிழைப்பது அரிது. அப்படி எடுத்த படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதைப் பாராட்ட எனக்கு மனம் வராது. தினமும் உப்பு வாரும் தொழிலாளிகளுக்கு எந்த வரப்பில் முட்டை இருக்கிறது என்பது தெரியும். அவர்களைக் கேட்டு, அந்த வரப்பை விட்டு விலகி நடப்பதே உத்தமம்.

படம் எடுத்தபின் தேதியையும் இடத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் மிக அவசியம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக வலசைப் பறவைகளின் கால்களில் எண்ணிட்ட வளையங்களைப் பூட்டி வருகிறார்கள். நீங்கள் எடுத்த ஒரு கொசு உள்ளானின் காலில் வளையமோ வர்ணப் பட்டையோ தென்பட்டால், அதன் எழுத்தும் எண்ணும் தெரியும்படி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மரக்காணத்தில் எந்த நாளில் கண்டீர்கள் என்ற குறிப்போடு அந்தக் கழகத்துக்கு அனுப்பிவையுங்கள்.